மலைப்பாம்புக் குட்டியைப் பேணும் முறை

மலைப்பாம்புக் குட்டி ஒன்று கள ஊழியரின் பொறுப்பில் வந்து சேரும் வழிகள் பல. கோடையின் இறுதியிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் முட்டைகள் பொரிக்கும் பருவத்தில், புதர்களை அகற்றுவோரும், இடிந்த சுவர்களைப் பெயர்ப்போரும், கிணறு தூர் எடுப்போரும் குட்டிகளைக் கண்டு வனத்துறைக்குச் சொல்லியனுப்புகின்றனர். வெளிநாட்டு இனக் குட்டிகள் துணிப்பைகளில் அடைக்கப்பட்டு விமான நிலையங்களில் பிடிபடுவதும் உண்டு. சில வேளைகளில் பள்ளி மாணவன் ஒருவன் அட்டைப் பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்து ஆசிரியரின் மேசைமேல் வைத்துவிடுகிறான். எவ்வழியில் வந்தாலும், முதல் ஒரு வாரத்தில் அதற்கு என்ன செய்யப்படுகிறது என்பதையும், அதனினும் மேலாக, என்ன செய்யப்படாமல் விடப்படுகிறது என்பதையும் பொறுத்தே அது பிழைப்பது அமைகின்றது.

நலமாகப் பொரித்த குட்டி பல வாரங்கள் உணவின்றி இருக்க வல்லது. எனவே பட்டினி அதன் முதற்பகை அன்று. குளிர், ஓயாத ஈரம், மறைவிடமின்மை, மனிதரின் இடைவிடாத கவனிப்பு ஆகியவையே அதனை விரைவில் நலிவிக்கின்றன. பரிவு மிகுந்த ஊழியர் அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்ப்பதனால் விளையும் தீங்கு, அசட்டையான ஊழியர் ஒரு வேளை உணவை மறந்துவிடுவதனால் விளையும் தீங்கைவிடப் பெரிது.

சட்டத்தின் நிலை

இந்திய மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதனை வீட்டில் செல்லப் பிராணியாக வளர்ப்பதற்கு இடமில்லை. தற்செயலாக அதனைத் தம் வசம் பெற்றவர் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ வனத்துறை அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு, அதாவது வணிகர் ‘பால் பைத்தான்’ என வழங்கும் இனம், வேறு வகையில் நடத்தப்படுகின்றது. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் அதனையொட்டி 2024-இல் வெளியான விதிகளும் இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் எனப் பணிக்கின்றன. இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் மீட்பு நிலையங்களிலும் உயிரியல் பூங்காக்களிலும் உள்ள இந்திய மலைப்பாம்புக் குட்டிகளை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டவை; பதிவு பெற்ற பந்து மலைப்பாம்பு வளர்ப்போருக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

இனம் அறிதல்

பெட்டியில் வந்த பாம்பு மலைப்பாம்புதானா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இது சிறிய செய்தி அன்று. கண்ணாடி விரியன் குட்டிகளும் பெரும்பாலும் இதே பருவத்தில் பிறக்கின்றன. அவற்றின் உடலிலும் பழுப்புப் புள்ளிகள் உள்ளன. பிறந்த நாள்முதலே அவற்றிற்கு நஞ்சு உண்டு. மலைப்பாம்புக் குட்டி என்று கருதி விரியன் குட்டியைக் கையில் எடுப்பது உயிருக்கே கேடாக முடியலாம்.

நீளம் ஒரு நல்ல அடையாளம். முட்டையிலிருந்து வெளிவரும் மலைப்பாம்பு ஏறக்குறைய 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஓர் அடிக்கும் குறைவான பாம்பு மலைப்பாம்புக் குட்டியாக இருத்தல் இயலாது என்றே கொள்ளலாம். விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி போல் மூன்று வரிசைகளில் ஒழுங்காக அமைந்திருக்கும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றையொன்று ஒவ்வாத வடிவின. விரியனின் தலை முழுவதும் சிறு செதில்களால் மூடப்பட்டுச் சொரசொரப்பாகத் தோன்றும்; மலைப்பாம்பின் மூக்கின்மேல் பெரிய தகடுகள் உள்ளன; தலையில் ஈட்டிமுனை போன்ற ஒரு குறியும், மேலுதட்டின் முன்பகுதியில் வெப்பத்தை உணரும் குழிகளும் உண்டு. ஐயம் சிறிதேனும் இருப்பின், பெட்டியை மூடிவைத்துப் பயிற்சி பெற்றவரை அழைத்தலே முறை.

குட்டியின் இயல்பு

மலைப்பாம்பின் தாய்மை விந்தையானது. பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு இரண்டு மாதங்கள் வரை அடைகாக்கின்றது. குளிர்ந்த வேளைகளில் தன் தசைகளை இடைவிடாது துடிக்கச் செய்து வெப்பத்தை உண்டாக்கி முட்டைகளுக்கு அளிக்கின்றது. குளிர்க்குருதிப் பிராணி ஒன்று இவ்வாறு செய்யக்கூடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பவில்லை. 1841-இல் பாரிஸ் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைகாத்த ஒரு பாம்பின்மீது வாலன்சியேன் என்னும் அறிஞர் வெப்பமானி வைத்து அளந்து காட்டினார். 1966-இல் நியூயார்க் விலங்குப் பூங்காவில் நுண்ணிய கருவிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, தசைத்துடிப்பே இவ்வெப்பத்திற்குக் காரணம் என உறுதி செய்தது.

ஆயினும் குட்டிகள் வெளிவந்தபின் தாயின் பணி முடிந்துவிடுகிறது. நூறு கிராமை ஒட்டிய எடையுள்ள குட்டி தனித்தே வாழ்க்கையைத் தொடங்குகின்றது. கீரி, பருந்து, உடும்பு, காட்டுப்பூனை, பெரிய பாம்புகள் எனப் பலவும் அதனை உண்ணக் காத்திருக்கின்றன. வளர்ந்த மலைப்பாம்புக்குப் பகைவர் சிலரே. குட்டிக்கோ எல்லாரும் பகைவர். எனவே அச்சமே அதற்குக் கவசம். மேலிருந்து இறங்கும் மனிதக் கையைப் பருந்தின் நகத்திலிருந்து பிரித்தறிய அதற்கு வழியில்லை. சீறுவதும் கொத்துவதும் தீய குணத்தால் அன்று என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

வெப்பமும் உறைவிடமும்

பாம்பின் உடல் தானாக வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. செரிமானம், நோயெதிர்ப்பு, வளர்ச்சி ஆகிய அனைத்தும் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தே நடைபெறுகின்றன. ஆனால் அது வெப்பத்தை வாளா ஏற்றுக்கொள்ளும் பொருளும் அன்று. தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்து நகர்கின்றது. ராஜஸ்தானத்தின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் மலைப்பாம்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்த பூபதி என்னும் அறிஞரின் பணி இதனை நன்கு விளக்குகின்றது. அங்குக் குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றிகளின் வளைகளில் தங்குகின்றன. வெயில் ஏறியதும் வளையின் வாயிலில் வந்து காய்ந்து, மீண்டும் உள்ளே செல்கின்றன. வளை, வெயில் ஆகிய இரண்டும் அருகருகே இருத்தலே அவற்றின் நலத்திற்கு அடிப்படை.

இவ்வமைப்பையே சிறு அளவில் பெட்டிக்குள் உண்டாக்குதல் வேண்டும். முதல் ஆண்டுக் குட்டிக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் 30 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ தொடக்கத்தில் போதும். குட்டி வளர வளரப் பெட்டியும் பெரிதாதல் வேண்டும். பக்கங்களில் காற்றுத் துளைகள் இருக்கவேண்டும். முரட்டுக் கம்பிவலையை உட்புறம் வைப்பின் குட்டி மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மூடி உறுதியாகப் பூட்டப்படவேண்டும். தலை நுழையும் இடுக்கில் குட்டியின் உடல் முழுவதும் நுழைந்துவிடும்.

பெட்டியின் ஒரு கோடியில் வெப்பம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸும், மறு கோடியில் 25 அல்லது 26 டிகிரியும் இருத்தல் வேண்டும். இரண்டு கோடிகளிலும் ஒவ்வொரு மறைவிடம் அவசியம். ஒன்றே வைப்பின், குட்டி மறைவையும் தக்க வெப்பத்தையும் ஒருங்கே பெற இயலாது. பெரும்பாலும் மறைவையே தேர்ந்து குளிரில் கிடக்கும். வாய் உடைந்த சிறு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அருமையான மறைவிடமாகும். உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும். சட்டி பெரிதாக இருத்தல் கூடாது. உடலின் சுருள் சுவர்களைத் தொடும் அளவே குட்டிக்குப் பாதுகாப்பு உணர்வைத் தருவது. விசாலமான மறைவிடம் கொடுப்பது மனிதரின் வீட்டுக் கணக்கு. பாம்பின் கணக்கு வேறு.

மின்வெப்பத் தகட்டைப் பெட்டியின் வெளிப்புறத்தில், மூன்றில் ஒரு பங்கு பரப்பின் அடியில் அமைத்து, வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைக்கவேண்டும். விளக்கு பயன்படுத்தினால் குட்டி தொடமுடியாதபடி கூண்டிட வேண்டும். பாம்புகள் மேனியைச் சுடும் பொருளிலிருந்து உடனே விலகுவதில்லை. வயிறு வெந்து புண்ணானபின்னும் அங்கேயே கிடப்பது காணப்பட்டுள்ளது. கையால் தொட்டுப் பார்த்து வெப்பத்தை மதிப்பிடுதல் தவறு. வெப்பமானி இரண்டு, கோடிக்கு ஒன்றாக, வைத்தல் வேண்டும்.

வட இந்தியக் குளிர்காலத்தில் மின்சாரம் நிற்குமிடங்களில் பெட்டியைச் சுற்றிக் கம்பளியோ சாக்கோ போர்த்தி, காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவைக்கலாம். மின்தடை நீடிக்கும் என அறிந்தால் அவ்வாரம் உணவு கொடாதிருத்தலே நன்று. வயிற்றில் இரையோடு குளிரில் அகப்பட்ட குட்டியின் உள்ளே இரை செரியாமல் அழுகத் தொடங்கும். ஆயினும் நம் நாட்டின் பெரும்பகுதியில் குளிரைவிடக் கோடையே கொடியது. தகரக் கூரையின் கீழும், வண்டிக்குள்ளும், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்ட நெடுநேரம் ஆகாது. அந்நிலையில் குட்டி விரைவில் இறந்துபடும். வெயில் காட்டுவதாக எண்ணிக் கண்ணாடிப் பெட்டியை முற்றத்தில் வைப்போர் பலர்.

தரைக்குப் பழைய செய்தித்தாளே போதும். அது அழகற்றது எனினும், எச்சத்தையும் உண்ணிகளையும் உடனே காட்டிக்கொடுக்கும். கவிழாத கனத்த கிண்ணத்தில் தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். பெட்டியைக் கழுவப் பினாயில் பயன்படுத்துதல் அறவே கூடாது. அலுவலகந்தோறும் கிடைப்பது அதுவே ஆதலின் இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டியுள்ளது. பினால் சேர்ந்த கிருமிநாசினிகள் ஊர்வனவற்றிற்கு நஞ்சாகும். நீர்த்த பிளீச்சிங் பவுடர்க் கரைசலால் துடைத்து, நன்கு அலசி, மணம் போகும்வரை உலர்த்திய பின்னரே குட்டியை விடலாம். கொசுவிரட்டி மருந்துகளும் பாச்சை உருண்டைகளும் அவ்வறையில் இருத்தல் ஆகாது.

உணவு

புதிதாக வந்த குட்டிக்கு முதல் ஐந்து முதல் ஏழு நாள்கள் உணவு காட்டவே வேண்டியதில்லை. அன்று பொரித்ததாயின், முதல் முறை தோல் உரித்த பின்னரே, அதாவது ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குப் பிறகே, உண்ண முற்படும். அதுவரை கருவுணவின் எச்சம் அதன் வயிற்றில் உள்ளது. இது தெரியாமல் வந்த அன்றே வாயைத் திறந்து இறைச்சியைத் திணிக்கும் வழக்கம் பல குட்டிகளின் உயிரைப் போக்குகின்றது. வலிந்து ஊட்டுதல் கால்நடை மருத்துவரின் முடிவாக, இறுதி முயற்சியாக மட்டுமே இருத்தல் வேண்டும்.

பால், முட்டை, துண்டு இறைச்சி ஆகியவை மலைப்பாம்புக் குட்டியின் உணவு அல்ல. முழு இரையே வேண்டும். எலும்பும் ஈரலும் கூடிய முழு எலியில்தான் அதற்குத் தேவையான சுண்ணச்சத்தும் பிற சத்துகளும் உள்ளன. உடலின் தடித்த பகுதியின் பருமனை மிகாத சுண்டெலி ஒன்று, வாரத்திற்கு ஒரு முறை போதுமானது. கொல்லப்பட்ட எலியையே கொடுக்கவேண்டும். உயிருள்ள எலி குட்டியைக் கடித்துக் குதறிவிடும். இரை ஆய்வுக்கூடத்திலோ பண்ணையிலோ வளர்க்கப்பட்டதாக இருத்தல் நலம். வயலில் செத்துக் கிடக்கும் எலியை ஒருபோதும் கொடுத்தல் கூடாது. அது எலிமருந்து தின்று செத்ததாக இருக்கலாம். பனிப்பெட்டியில் வைத்த இரையை முழுதும் உருகச் செய்து, வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் மாலைப் பொழுதில் காட்டவேண்டும். உதட்டுக் குழிகள் வெப்பத்தை அறிவதால் குளிர்ந்த இரையைக் குட்டி பொருட்படுத்தாது போகலாம். கால் மணி நேரத்தில் எடுக்காவிடில் இரையை மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு விளக்கணைத்து விலகிச் செல்லலாம். காலையிலும் அது தீண்டப்படாமல் இருந்தால் அகற்றிவிட்டு, அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். மறுநாளே மீண்டும் முயல்வது பயனற்றது.

உண்டபின் இரண்டு, மூன்று நாள்கள் குட்டியைத் தொடுதல் ஆகாது. அதன் காரணம் வியப்புக்குரியது. உணவின்றி இருக்கையில் மலைப்பாம்பு தன் குடலைச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. இரை உள்ளே சென்றதும் சிறுகுடல், ஈரல் முதலிய உறுப்புகள் விரைந்து பெருக்கின்றன. நெருங்கிய உறவினமான பர்மிய மலைப்பாம்பில், இரையுண்ட இரண்டொரு நாள்களில் இதயத்தின் கீழறைத் தசை ஏறக்குறைய 40 விழுக்காடு பெருப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓய்ந்திருந்த தொழிற்சாலை முழுவதும் ஒரே இரவில் ஓடத் தொடங்கியது போன்ற நிலை அது. அவ்வேளையில் தூக்கிக் குலுக்கினால் குட்டி இரையைக் கக்கிவிடும். கக்கிய குட்டிக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஓய்வளித்து, வெப்பநிலையைச் சரிபார்த்து, முன்னதிலும் சிறிய இரையைக் கொடுக்கவேண்டும்.

கலக்கத்தின் குறிகள்

நீடித்த கலக்கத்தில் பாம்பின் உடலில் கார்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுந்து சுரக்கின்றது. சிறிது நேரத்திற்கு அது தப்பியோட உதவுவது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் நோயெதிர்ப்பைக் குன்றச் செய்கின்றது. பாம்பு முகத்தால் எதையும் காட்டுவதில்லை ஆதலின் ஊழியர் அதன் நடத்தையைப் படிக்கக் கற்றல் வேண்டும். பகலில் ஓயாது பெட்டியின் ஓரங்களைச் சுற்றுதல், மூக்கைத் தேய்த்தல், உண்ண மறுத்தல், சிறு அசைவுக்கும் கொத்துதல், தலையை உள்ளே புதைத்துப் பந்துபோல் இறுகச் சுருண்டிருத்தல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. நீர்க்கிண்ணத்திலேயே நாள் முழுதும் கிடக்குமாயின் பெட்டி மிகச் சூடாக உள்ளது, அல்லது உடலில் உண்ணிகள் பற்றியுள்ளன என்று பொருள்.

முதல் இரண்டு வாரங்கள் குட்டியைக் கையில் எடுத்தலே வேண்டா. நீர் மாற்றுதல், எச்சம் அகற்றுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கதவு அடித்துச் சாத்தப்படும் அறையும், ஒலிபெருக்கி அருகிலுள்ள அறையும் தகாதவை. பாம்பு தரையின் அதிர்வை நன்கு உணரும். எடுக்க வேண்டிய நேரத்தில் பக்கவாட்டிலிருந்து மெல்ல அணுகி, உடலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் தாங்கி எடுக்கவேண்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்குவதும் வாலைப் பிடித்துத் தொங்கவிடுவதும் முதுகெலும்பிற்குக் கேடு. வருகை தரும் பெரியோர்க்கு எடுத்துக் காட்டும் பழக்கம் சில நிலையங்களில் உள்ளது. அதனைக் கண்டிப்பாகத் தவிர்த்தல் வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு குட்டி என்பதும் மாறாத விதி.

தோல் உரித்தலும் நோய்களும்

வளரும் குட்டி நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தோல் உரிக்கும். உரிப்பதற்குச் சில நாள்கள் முன்னர் நிறம் மங்கிக் கண்கள் வெண்ணீலமாகும். அப்போது பார்வை குன்றியிருப்பதால் குட்டி மிகவும் அஞ்சும். தொடுதலும் உணவளித்தலும் கூடா. பெட்டிக்குள் ஈரப்பாசியோ ஈரத்துணியோ இட்ட மூடிய கிண்ணம் ஒன்றை வைத்தால் அதனுள் புகுந்து தோலை எளிதில் கழற்றும். உரித்த தோலை எடுத்து, இரு கண்களின் மூடுதகடுகளும் அதில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். தங்கிவிட்ட கண்தகட்டை நகத்தாலோ கவ்வியாலோ பெயர்த்தால் கண் கெடும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்பிற்குக் காத்திருந்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

வந்த குட்டியை மூன்று மாதம் மற்ற பாம்புகளிலிருந்து தனித்து, தனி அறையில், தனிக் கருவிகளுடன் வைத்தல் வேண்டும். மலைப்பாம்புகளைத் தாக்கும் வைரஸ் நோய்கள் சில மிகக் கொடியவை. பந்து மலைப்பாம்புகளின் மூச்சுறுப்பு நோய்க்குக் காரணமான நிடோவைரஸ் 2014-இல்தான் அறியப்பட்டது. இவற்றிற்கு இன்னும் உறுதியான மருந்தில்லை. பாம்பு உண்ணிகள் கரும்புள்ளிகளாகக் கண்ணைச் சுற்றியும் நீர்க்கிண்ணத்தின் அடியிலும் காணப்படும். குருதியை உறிஞ்சுவதோடு நோயையும் பரப்பும். இவற்றிற்கெனத் தரப்படும் ஐவர்மெக்டின் மருந்து ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி என்பதை, இரண்டையும் ஒரே கட்டடத்தில் பேணும் நிலையத்தார் மறத்தல் கூடாது. குட்டி வாயைத் திறந்து மூச்சுவிட்டாலும், மூக்கில் குமிழி கண்டாலும், தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாலும் அது நுரையீரல் நோயின் குறி. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். குளிரும் ஓயாத ஈரமும் இந்நோய்க்கு வாயில்கள்.

பள்ளிகளில்

வகுப்பறையில் மலைப்பாம்புக் குட்டியை வைத்திருக்கச் சட்டமும் இடந்தராது, குட்டியின் நலமும் இடந்தராது. மாணவன் கொண்டுவந்த குட்டியைக் காற்றுத் துளையிட்ட பெட்டியில் அமைதியான இடத்தில் மூடிவைத்து, வனத்துறைக்கு அறிவித்து, எங்கே எப்போது கிடைத்தது என்பதை அவனிடம் கேட்டு எழுதிக்கொள்வதே ஆசிரியரின் கடமை. அவனைக் கடிந்துகொண்டால் அடுத்த குட்டி எவருக்கும் தெரியாமல் போய்விடும். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி நோயின்றித் தங்கியிருப்பதால், தொட்டவர்கள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அருகில் விடலாகாது. உரித்த தோலையும் வெப்பமானிக் குறிப்புகளையும் கொண்டு நல்ல பாடம் நடத்தலாம். உயிருள்ள குட்டி அதற்குத் தேவையில்லை.

திரும்ப விடுதல்

காயமின்றிக் கிடைத்த இந்திய மலைப்பாம்புக் குட்டிக்கு மேற்கூறிய எதுவும் தேவைப்படாமல் போவதே சிறப்பு. உரிய அதிகாரியின் ஆணை பெற்று, கிடைத்த இடத்திற்கு அண்மையில் தக்க மறைவுள்ள இடத்தில் இரண்டொரு நாளில் விட்டுவிடலாம். பல மாதம் பிற பாம்புகளோடு வைத்திருந்து பின் காட்டில் விடுவது, கூண்டின் நோயைக் காட்டிற்குக் கொண்டுசெல்வதாகும். வெளிநாட்டுக் குட்டியையோ எந்நிலையிலும் வெளியில் விடலாகாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லப் பிராணி வணிகத்தின் வழியே சதுப்புநிலங்களில் புகுந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகிய பின், ரக்கூன் முதலிய பாலூட்டிகள் அங்கு மிகவும் அருகிவிட்டதை 2012-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

விடும் நாளில் குட்டியைத் துணிப்பையில் இட்டு, நிழலான வண்டியில் கொண்டுசென்று, வெயில் தாழ்ந்த பின் பாறையிடுக்கோ அடர்ந்த புதரோ உள்ள இடத்தில் பையை அவிழ்த்து வைத்து விலகி நிற்றல் வேண்டும். பையை உதறுதல் கூடாது. குட்டி தானாக வெளிவரச் சில வேளைகளில் அரை மணி நேரம் ஆகும். அது மறைந்த பின், தேதி, நேரம், இடம், எடை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி அதிகாரியின் கையொப்பம் பெற்றுக்கொள்ளலாம்.